கிளிக் பண்ணிட்டீங்களா, ஒடனே ஃபோன் பண்ணுங்க, திட்ட மாட்டேன்

திருப்பூர், அவிநாசி, சோமனூர் பக்கம் இருக்குற சின்ன சின்ன ஆபீஸ்களுக்கு சிஸ்டம் பாத்துக்குறது என் வேலை. எக்ஸ்போர்ட் கம்பெனி, ஆடிட்டர் ஆபீஸ், நூல் ஏஜென்சி, ரெண்டு மூணு ஸ்கூல், இப்படி. பத்து சிஸ்டம் இருந்தா எங்க கணக்குல அது பெரிய ஆபீஸ். ஐடிக்குன்னு தனி ஆள் கிடையாது, ஏஎம்சி (வருஷ பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டு என்ன மாதிரி ஒருத்தன வச்சிருப்பாங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா "தம்பி கொஞ்சம் வந்துட்டு போங்க"ன்னு ஃபோன் வரும். சைபர் செக்யூரிட்டி பத்தி எழுதுறதெல்லாம் தனி டீம் வச்சிருக்குற பெரிய கம்பெனிக்குதான் சரியா வருது. இங்க இருக்குறது அக்கவுன்ட்ஸ் அக்கா ஒருத்தங்க, டேலிங்குற கணக்கு சாஃப்ட்வேர், ஒரே ஜிமெயில் ஐடிய நாலு பேர் பாக்குறது, வாட்ஸ்அப் வெப், மூலைல ஒரு பிரிண்டர். இந்த மாதிரி ஆபீஸ்ல எங்க ஓட்ட விழுது, எது காப்பாத்துதுன்னு நான் பாத்தவரைக்கும் சொல்றேன்.

ஆன்டிவைரஸ் எது நல்லது, குவிக்ஹீலா காஸ்பர்ஸ்கையான்னுதான் எல்லா ஓனரும் மொதல்ல கேப்பாங்க. விண்டோஸோட வர்ற டிஃபென்டரே போதும்ங்க, அத ஆஃப் பண்ணாம இருந்தா சரி. நான் போற ஆபீஸ்ல ஸ்டாஃப் பயப்படாம என்கிட்ட பேசுவாங்களாங்குறதத்தான் நான் மொதல்ல பாப்பேன். இது ஏதோ அட்வைஸ்னு நெனைக்காதீங்க, டெக்னிக்கலாவே காரணம் இருக்கு.

ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸ். 20ம் தேதி, ஜிஎஸ்டிஆர் 3பிங்குற மாசக் கணக்க தாக்கல் பண்ண கடைசி நாள். போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கு, ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஃபோன் மேல ஃபோன். அந்த நேரத்துல பில்லிங் பாக்குற பொண்ணுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ்னு ஒரு மெயில், ஜிப் ஃபைலோட. தொறந்துச்சு. உள்ள பிடிஎஃப் ஐகானோட ஒரு ஃபைல், டபுள் கிளிக் பண்ணா ஒரு கருப்பு விண்டோ வந்து கண்ண மூடி தொறக்குறதுக்குள்ள போயிடுச்சு, வேற ஒண்ணும் ஆகல. ஏதோ தப்புன்னு அந்த பொண்ணுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. ஆனா சொல்லல. ஏன்னா முந்துன மாசம் பென்டிரைவ் போட்டு வைரஸ் வந்ததுக்கு டிஸ்பேட்ச் பையன ஓனர் எல்லார் முன்னாடியும் வச்சு சத்தம் போட்டுட்டாரு. அத பாத்தவங்க யாரும் வாய தொறப்பாங்களா?

அது ஃபைல லாக் பண்ற வைரஸ் இல்ல. பிரவுசர்ல சேவ் பண்ணி வச்ச பாஸ்வேர்ட் மொத்தத்தையும், லாகின் ஆகி இருக்குறத பிரவுசர் ஞாபகம் வச்சுக்குற குக்கீஸையும் சுருட்டிட்டு போற வகை. இதுல ஒரு விஷயம் நெறைய பேருக்கு தெரியறதில்ல. குக்கீ போயிடுச்சுன்னா ஓடிபி, டூ ஸ்டெப் எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஏற்கனவே லாகின் ஆகி முடிச்ச ஆளாவே அவன் உள்ள வந்துடுவான், ஓடிபியே கேக்காது. நாலு நாள் கழிச்சு நூல்காரங்க ஃபோன் பண்ணி "என்னங்க உங்க மெயில்ல இருந்து ஏதேதோ ஃபைலா வந்துட்டே இருக்கு"ன்னு கேட்டப்பதான் வெளிய வந்துச்சு. அதுக்குள்ள ஆபீஸ் மெயில் மொத்தமும் ஒருத்தன் படிச்சு முடிச்சிருப்பான்.

இதே மாதிரி ஒண்ணு வேற ஒரு ஆபீஸ்ல. அந்த அக்கா ரெண்டு நிமிஷத்துல கூப்ட்டாங்க. "தம்பி, என்னமோ தெரியாம அமுக்கிட்டேன், கருப்பா ஒண்ணு வந்துட்டு போச்சுங்க, சாருகிட்ட சொல்லலாமா வேண்டாமா?" நான் சொன்னது இவ்வளவுதான்: அக்கா, பின்னாடி நெட் கேபிள உருவிடுங்க, வைஃபை இருந்தா ஆஃப், சிஸ்டத்த அப்படியே விடுங்க, இனி அதுல எதுவும் டைப் பண்ணாதீங்க. நான் வேற சிஸ்டத்துல உக்காந்து மெயில் பாஸ்வேர்ட மாத்துனேன், கூகுள் அக்கவுன்ட்ல செக்யூரிட்டிக்குள்ள போனா எந்தெந்த டிவைஸ்ல லாகின் ஆகி இருக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அதுல இருந்த எல்லாத்தையும் சைன் அவுட் பண்ணிட்டேன், நெட் பேங்கிங் பாஸ்வேர்ட ஓனர் ஃபோன்ல இருந்து மாத்துனோம், அப்புறம் அந்த சிஸ்டத்த ஃபார்மட். பாஸ்வேர்ட மாத்துறத அதே சிஸ்டத்துல உக்காந்து பண்ணக்கூடாது, புதுசையும் சேத்து தூக்கி குடுத்த மாதிரி ஆயிடும். மதியத்துக்குள்ள வேலை முடிஞ்சு அக்கா திரும்ப என்ட்ரி போட ஆரம்பிச்சுட்டாங்க. ரெண்டு ஆபீஸ்லயும் பண்ண தப்பு ஒண்ணுதான், ஃபோன் வந்த நேரம்தான் வேற. அதனால ஓனருங்ககிட்ட நான் சொல்றது, சத்தம் போடணும்னா என்ன போடுங்க சார், கிளிக் பண்ணேன்னு வந்து சொன்னவங்கள மட்டும் போடாதீங்க.

சரி, பிடிஎஃப் மாதிரி இருந்துச்சேன்னா, விண்டோஸ் ஃபைல் பேரோட வால் பகுதிய மறைச்சுதான் காட்டும். நோட்டீஸ் டாட் பிடிஎஃப் டாட் ஈஎக்ஸ்இன்னு (ஈஎக்ஸ்இன்னா ஓடுற புரோகிராம்) இருந்தா உங்க கண்ணுக்கு நோட்டீஸ் டாட் பிடிஎஃப் மட்டும்தான் தெரியும். ஃபோல்டர தொறந்து மேல வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ், அதுல டிக் போட்டு விடுங்க. புது சிஸ்டம் வச்ச ஒடனே நான் பண்ற வேலைல இதுவும் ஒண்ணு. அப்புறம் ஜிஎஸ்டி, இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் நெஜமா வந்திருந்தா போர்ட்டல்ல லாகின் பண்ணா அங்கயே இருக்கும், மெயில்ல வந்த ஃபைல தொறந்துதான் பாக்கணும்னு இல்ல. 20ம் தேதி பிஸில இத யோசிக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும், அனுப்புறவனுக்கும் தெரியும், அதனாலதான் அந்த தேதி பாத்து அனுப்புறான்.

அடுத்தது பேங்க் அக்கவுன்ட் மாத்துற மெயில். எங்க ஊர்ல காசு நெறைய போறது இதுலதான்னு நான் நெனைக்கிறேன். வழக்கமா நூல் வாங்குற பார்ட்டிகிட்ட இருந்து மெயில் வரும், எங்க பழைய அக்கவுன்ட்ல ஆடிட் நடக்குது, இனி இந்த அக்கவுன்ட்டுக்கு போடுங்கன்னு, லெட்டர்ஹெட், சீல், கேன்சல்டு செக் எல்லாம் பக்காவா இருக்கும். மெயில் ஐடிய எழுத்து எழுத்தா பாருங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. பாக்கணும்தான், இங்கிலீஷ் ஆர், என் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டா எம் மாதிரி தெரியும், அந்த மாதிரி ஐடி வாங்கி அனுப்புறவன் இருக்கான். ஆனா நான் நேர்ல பாத்த ஒரு கேஸ்ல மெயில் ஐடி நூத்துக்கு நூறு அவங்களோடதுதான். அவங்க மெயிலுக்குள்ளயே ஒருத்தன் உக்காந்துட்டு எழுதுறான். எவ்வளவு உத்து பாத்தாலும் கண்டுபுடிக்க முடியாது.

நம்ம பக்கம் அத புடிச்சது ஒரு சாதாரண பழக்கம். அந்த ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் அண்ணன் வயசானவரு, கம்ப்யூட்டர் மேல அவருக்கு எப்பவும் ஒரு சந்தேகம், பெரிய அமவுன்ட்னா பார்ட்டிக்கு ஃபோன் போட்டு "அனுப்பிரட்டுங்களா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் அனுப்புவாரு. மெயில்ல இருந்த நம்பருக்கு இல்ல, தன்னோட டைரில வருஷக்கணக்கா இருக்குற நம்பருக்கு. அந்தப் பக்கம் "அக்கவுன்ட் மாத்துனோமா? யாருங்ணா சொன்னது?"ன்னு கேட்டுருக்காங்க. அவ்வளவுதான். அக்கவுன்ட் மாத்தணும்னு எந்த மெயில் வந்தாலும் பழைய நம்பருக்கு ஃபோன், இந்த ஒரு ரூல ஓனர் கையெழுத்து போட்டு செவுத்துல ஒட்டுனா போதும்.

அப்புறம் அந்த நூல்காரங்களே என்னைய கூப்ட்டு பாக்க சொன்னாங்க. போய் பாத்தா அவங்க மெயில்ல ஒரு ரூல் போட்டு வச்சிருக்கான். எங்க ஆபீஸ்ல இருந்து எந்த மெயில் போனாலும் இன்பாக்ஸ்ல நிக்காம, யாரும் எட்டிப் பாக்காத ஒரு ஃபோல்டருக்கு நேரா போயிடும், படிச்ச மாதிரியும் ஆயிடும். நம்ம சந்தேகம் கேட்டு பதில் போட்டா அது அவங்க கண்ணுலயே படாது, அவன் எடுத்து பதில் போட்டுக்கிட்டு இருப்பான். அவங்க மொத நாளே பாஸ்வேர்ட மாத்திட்டாங்க, ஆனா ரூல் அப்படியேதான் இருந்துச்சு. பாஸ்வேர்ட் மாத்துனா ரூல் அழியாது. அதனால சந்தேகம் வந்தா செட்டிங்ஸ்ல ஃபில்டர்ஸ், ஃபார்வர்டிங் ரெண்டையும் பாருங்க, நீங்க போடாத ஏதாச்சும் இருந்தா அழிச்சு விடுங்க. சும்மா இருக்கும்போதும் எப்பவாச்சும் ஒருதடவ எட்டிப் பாத்துக்குறது நல்லது.

பேங்க் பக்கம் ஒரு நல்லது நடந்திருக்கு, இது பாதி பேருக்கு தெரியல. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ல பேர் என்ன போட்டாலும் அக்கவுன்ட் நம்பர பாத்துதான் காசு போகும், பேர் பொருந்தலன்னாலும் நிக்காது. ரிசர்வ் பேங்க் சொல்லி 2025 ஏப்ரல்ல இருந்து அக்கவுன்ட் நம்பரும் ஐஎஃப்எஸ்சியும் போட்டா அது யார் பேர்ல இருக்குன்னு காட்டுற வசதிய பேங்க்காரங்க குடுக்கணும்னு ஆயிருக்கு. பார்ட்டிய ஆட் பண்ணும்போது அந்த பேர ஒரு நிமிஷம் நின்னு படிங்க. கம்பெனி அக்கவுன்ட்னு சொல்லிட்டு யாரோ தனி ஆள் பேர் வந்தா அங்கயே நிறுத்திடலாம். அதே மாதிரி பேங்க் வெப்சைட் எல்லாம் இப்ப பேங்க் டாட் இன்னுன்னு முடியற முகவரிக்கு மாறி இருக்கு, 2025 அக்டோபர் 31க்குள்ள மாறணும்னு ரிசர்வ் பேங்க் கெடு குடுத்துச்சு. அப்படி முடியாத சைட்ல நெட் பேங்கிங் பாஸ்வேர்ட் போடுறதுக்கு முன்னாடி யோசிங்க.

காசு போயே போச்சுன்னா 1930. பேங்க் மேனேஜர பாக்க கெளம்புறதுக்கு முன்னாடி, பங்காளிக்கு ஃபோன் பண்றதுக்கு முன்னாடி அந்த நம்பர்தான். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்லயும் கம்ப்ளெய்ன்ட் போடலாம். காசு அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்கு தாவுறதுக்குள்ள எங்க நிக்குதோ அங்க முடக்கி வைக்க பாப்பாங்க, அதனால நிமிஷம் முக்கியம். வெளிநாட்டு பேங்க்குக்கு போன காசுன்னா அதோட சேத்து உங்க பேங்க்லயும் ஒடனே ரீகால், அதாவது அனுப்புன காச திருப்பி எடுக்க சொல்லி, எழுதி குடுக்கணும்.

பாஸ்வேர்ட் விஷயத்துல எனக்கும் சில ஓனருக்கும் ஒத்தே வராது. மாசாமாசம் மாத்தணும், பெரிய எழுத்து, நம்பர், ஸ்பெஷல் கேரக்டர் எல்லாம் இருக்கணும்னு எங்கயோ கேட்டுட்டு வந்து ரூல் போடுவாங்க. விளைவு என்னன்னா கம்பெனி பேர், அட் சிம்பல், 123. அடுத்த மாசம் 124. இல்லன்னா மானிட்டர் ஓரத்துல மஞ்ச ஸ்டிக்கர். இந்த ரூல 2003ல அமெரிக்க அரசோட என்ஐஎஸ்டிங்குற அமைப்புக்காக எழுதுனவரு பில் பர்னு ஒருத்தர், அவரே 2017ல அத எழுதுனதுக்கு வருத்தப்பட்டு பேட்டி குடுத்தாரு. அந்த வருஷமே அவங்க ரூல மாத்திட்டாங்க, சும்மா தேதி வச்சு மாத்த சொல்லாதீங்க, திருட்டு போன சந்தேகம் இருந்தா மாத்துங்க, நீளமா இருக்கட்டும்னு. எங்க ஓனருக்குதான் இன்னும் தகவல் வந்து சேரல.

நான் சொல்றது, சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. ஆட்டுக்கல், நுங்கு, கொடிக்கம்பி, பத்துமணி, இந்த மாதிரி. மறக்காது, நீளமாவும் இருக்கும். நான் எழுதுனதையே வைக்காதீங்க, உங்களுக்குன்னு யோசிச்சுக்கோங்க, புள்ளைங்க பேரு குலதெய்வம் பேரு வேண்டாம். நெறைய பாஸ்வேர்ட் இருந்தா பிட்வார்டன் மாதிரி ஒரு பாஸ்வேர்ட் மேனேஜர் வைக்கலாம். அது ஒத்துவரலன்னா ஒரு நோட்டுல எழுதி பீரோல வச்சு பூட்டுங்க. சிரிக்க வேண்டாம், ரஷ்யாவுல உக்காந்துருக்குறவன் உங்க பீரோவ தொறக்க மாட்டான். எல்லா எடத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்கிறதவிட இது எவ்வளவோ தேவல.

பீரோன்னு சொன்னதும் ஞாபகம் வருது, டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து வச்சிருக்குறது. பாக்க பென்டிரைவ் மாதிரி இருக்கும், ஐடி சட்டம் 2000 படி அது உங்க கையெழுத்து. எத்தன ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு பிஸ்கட் டப்பாவுல முப்பது நாப்பது டோக்கன் கெடக்கும், ஒவ்வொண்ணுலயும் ரப்பர்பேண்ட் போட்டு பின் நம்பர் எழுதுன சீட்டு. பாதிக்கு பின் நம்பர் 1ல இருந்து 8 வரைக்கும் வரிசையா, டோக்கன் வரும்போது இருந்ததேதான். வெத்து பத்திரத்துல கையெழுத்து போட்டு குடுத்துட்டு வருவீங்களா? குடுத்துதான் ஆகணும்னா பின் நம்பர மாத்திக்கோங்க, ஃபைலிங் அன்னிக்கு ஃபோன்ல சொல்லுங்க.

இப்ப பிரிண்டர். செக்யூரிட்டி பத்தி பேசும்போது பிரிண்டர் எதுக்குன்னா, நான் பாத்த ஆபீஸ்ல அப்டேட்ட ஆஃப் பண்ணி வச்சதுக்கு காரணம் முக்காவாசி பிரிண்டர்தான். 2021ல பிரிண்ட் சம்பந்தமா விண்டோஸ்ல ஒரு பெரிய ஓட்ட வெளிய வந்துச்சு, பிரிண்ட்நைட்மேர்னு பேர் வச்சாங்க. அத அடைக்க மைக்ரோசாஃப்ட் அப்டேட்டா விட்டுச்சு, செப்டம்பர் அப்டேட் வந்து ஒரு காலைல எல்லா ஆபீஸ்லயும் ஷேர் பண்ணி வச்ச பிரிண்டர் போச்சு. 11பின்னு முடியற எரர். அக்கவுன்ட்ஸ் சிஸ்டத்துல பிரிண்டர் மாட்டி மத்தவங்க அதுக்கு நெட்வொர்க்ல அனுப்புவாங்க பாருங்க, அந்த செட்டப் எல்லாம் காலி. இன்வாய்ஸ் பிரிண்ட் எடுக்காம லாரி கெளம்பாது, வாசல்ல லாரிக்காரன் ஹாரன் அடிக்குறான், யாருக்கு செக்யூரிட்டி வேணும்? சர்வீஸ் பசங்க அந்த அப்டேட்ட தூக்கிட்டு, இனி எந்த அப்டேட்டும் வராத மாதிரி ஆஃப் பண்ணிட்டு போயிட்டாங்க. அப்படியே விட்ட சிஸ்டத்த நான் ரெண்டு வருஷம் கழிச்சும் பாத்திருக்கேன்.

அவங்கள கொற சொல்லி பிரயோஜனம் இல்ல. வேலை நின்னா ஆளு எந்த பூட்டையும் ஒடச்சிட்டு போவான். சரியான வழி என்னன்னா பிரிண்டர ஒரு சிஸ்டத்துல இருந்து ஷேர் பண்றத விட்டுட்டு, லேன் கேபிள் போடுற பிரிண்டரா வாங்கி ரவுட்டர்ல மாட்டி, அதுக்கு மாறாத ஒரு ஐபி (நெட்வொர்க் முகவரி) குடுத்து, எல்லா சிஸ்டத்துலயும் அந்த ஐபிக்கு நேரா சேத்து விடுறது. 11பி வராது, அக்கவுன்ட்ஸ் அக்கா லீவு போட்டா பிரிண்டர் ஆஃப்லைன் ஆகுற தொல்லையும் போகும். அப்புறம் அப்டேட்ட ஆன் பண்ணி வச்சா யாரும் கத்த மாட்டாங்க.

அப்டேட்ல இன்னொரு சங்கதி. தெனமும் ஷட்டவுன் பண்றோமேம்பாங்க. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், சிபியுல அப்டைம்னு இருக்கும், அத பாத்தா முப்பது நாள் நாப்பது நாள்னு காட்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு ஆன்ல இருந்தா ஷட்டவுன்ங்குறது முழு ஷட்டவுன் இல்ல, பாதி தூக்கம்தான், ரீஸ்டார்ட் குடுத்தாதான் சுத்தமா எழுந்திரிக்கும். ஹேங் ஆகுது, டோக்கன் எடுக்கல, ஸ்கேனர் தெரியலன்னு ஃபோன் வந்தா நான் மொதல்ல ரீஸ்டார்ட் குடுக்க சொல்றது இதுக்குத்தான், ஆள தட்டிக் கழிக்க இல்ல. அப்புறம் விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது. புது சிஸ்டம் வாங்க காசில்லன்னா நெட் பேங்கிங்கும் மெயிலும் பாக்குற ஒரே ஒரு சிஸ்டத்தையாவது மொதல்ல மாத்துங்க, கோடவுன்ல ஸ்டாக் பாக்குற சிஸ்டம் அப்புறம் பாத்துக்கலாம்.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல நடந்தது. வீட்ல இருந்து டேலி பாக்கணும்னு சார் கேட்டாருன்னு யாரோ வந்து ரவுட்டர்ல 3389 போர்ட்ட, அதாவது சிஸ்டத்துக்குள்ள வர்ற கதவ, வெளிய தொறந்து விட்டுட்டு போயிருக்காங்க. ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யும், நல்லாவே செய்யும், ஆனா ஒலகத்துல எவன் வேணாலும் வந்து கதவ தட்டலாம். இதுக்குன்னே ராத்திரி பகலா மெஷின் ஓட்டி தொறந்து கெடக்குற போர்ட்ட தேடிக்கிட்டே இருப்பானுங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு திங்கட்கிழமை காலைல வந்து பாத்தா எல்லா ஃபைலுக்கும் பின்னாடி ஏதோ ஒரு வால், எல்லா ஃபோல்டர்லயும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், காசு குடுன்னு. சிஸ்டத்துல நடந்தத விண்டோஸ் எழுதி வைக்கிற ஈவன்ட் வியூவர்ல போய் பாத்தேன், 4625ன்னு ஒரு நம்பர் வரும், லாகின் ஃபெயில் ஆனதுக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர்ங்குற பேர்ல வரிசையா ஃபெயில், ஃபெயில், ஃபெயில், ஸ்க்ரோல் பண்ணி மாளல, கடைசில ஒண்ணு 4624. அது உள்ள நுழைஞ்சதுக்கான நம்பர்.

பேக்கப் எடுக்குற ஹார்ட் டிஸ்க் எங்கன்னு கேட்டா சிஸ்டத்துலயே குத்தி இருக்கு, அதுவும் சேந்து போச்சு. ஆனா அந்த சாருக்கு ஒரு பழக்கம். ஆபீஸ் பூட்டு மேல நம்பிக்கை கிடையாது, திருடன் வந்தா என்ன பண்றதுன்னு சனிக்கிழமை சாயங்காலம் டேலி டேட்டா ஃபோல்டர இன்னொரு டிஸ்க்ல காப்பி பண்ணி பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு போயிடுவாரு. அந்த வாரம் அவசரத்துல எடுக்கல, முந்துன வாரத்தோடது இருந்துச்சு. அத வச்சு எல்லாத்தையும் எழுப்புனோம், ஒரு வார என்ட்ரிய பில்ல பாத்து திரும்ப போட்டாங்க. திருடனுக்கு பயந்து பண்ணது வைரஸ்க்கு ஒதவுச்சு.

அதனால பேக்கப்னா ரெண்டு டிஸ்க், மாத்தி மாத்தி, ஒண்ணு எப்பவும் கட்டடத்துக்கு வெளிய. காப்பி முடிஞ்சதும் உருவிடணும். எப்பவாச்சும் ஒரு நாள் வேற சிஸ்டத்துல அத போட்டு டேலி தொறக்குதான்னு பாக்கணும், பாக்காத பேக்கப்ப நம்பாதீங்க. கூகுள் டிரைவ்ல இருக்குன்னு சொல்றவங்களுக்கு, அது சிங்க், இங்க கெட்டா அங்கயும் கெட்டது போய் ஒக்காரும், பழைய வெர்ஷன் முப்பது நாள் வரைக்கும் இருக்கும்ங்குறது ஒரு சமாதானம், ஆயிரக்கணக்குல ஃபைல ஒண்ணொண்ணா திரும்ப எடுக்க ஒக்காந்தா தெரியும் கஷ்டம். வீட்ல இருந்து டேலி பாக்கணும்னா விபிஎன், அதாவது வெளியாள் நுழைய முடியாத தனி வழி, போட சொல்லுங்க, போர்ட் நம்பர மாத்திட்டேன் இனி பயமில்லன்னு எவனாச்சும் சொன்னா அவன அனுப்பிடுங்க. அப்புறம் கிராக் சாஃப்ட்வேர், காசு கட்டாம பூட்ட ஒடச்சு ஓட்டுறது. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணுன்னு எது கேக்குதோ அது ஏன் கேக்குதுன்னு யோசிச்சா போதும்.

ஃபோன் பக்கம் சுருக்கமா. கல்யாண பத்திரிகை, ஆர்டிஓ சலான், பேங்க் கேஒய்சின்னு வாட்ஸ்அப்ல ஏபிகே, அதாவது ஆப் இன்ஸ்டால் பண்ற ஃபைல் வருது, தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வருது, ஏன்னா அவங்க ஃபோன் ஏற்கனவே மாட்டிக்கிச்சு. பத்திரிகை படமாவோ பிடிஎஃப்பாவோதான் வரும், இன்ஸ்டால் பண்ண சொல்லாது. போட்டுட்டீங்கன்னா ஒடனே ஏரோபிளேன் மோட், வேற ஃபோன்ல இருந்து பேங்க்குக்கு சொல்லுங்க, உங்க எஸ்எம்எஸ் ஓடிபி எல்லாம் அவன்தான் படிச்சுக்கிட்டு இருப்பான். ஸ்க்ரீன் ஃபுல்லா செவப்பா வந்து மைக்ரோசாஃப்ட்டுக்கு ஃபோன் பண்ணுன்னு சத்தம் போட்டா எஸ்கேப் கீய அமுக்கி புடிங்க, போகலன்னா கண்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அடிச்சா வர்ற டாஸ்க் மேனேஜர்ல பிரவுசர மூடுங்க, மைக்ரோசாஃப்ட் எரர் மெசேஜ்ல ஃபோன் நம்பர் போடாது. எனிடெஸ்க் மாதிரி, தூரத்துல இருந்து அடுத்தவங்க சிஸ்டத்த ஓட்டுற ஆப் வழியா காசு எடுக்குறாங்கன்னு ரிசர்வ் பேங்க் 2019லயே எச்சரிச்சுது. நானும் அந்த மாதிரி ஆப்லதான் வேலை பாக்குறேன், அதனால என் ஆபீஸ்கள்ல ஒரே கண்டிஷன்: நீங்க என்ன கூப்ட்டு கேட்டாதான் நான் உள்ள வருவேன், நானா ஃபோன் பண்ணி கோட் சொல்லுங்கன்னு கேக்கவே மாட்டேன். என் குரல்ல யாராச்சும் கேட்டாலும் கட் பண்ணிட்டு என் நம்பருக்கு திரும்ப அடிங்க. எம்டி ஃபோட்டோ வச்ச புது நம்பர்ல மீட்டிங்ல இருக்கேன், இந்த அக்கவுன்ட்டுக்கு போடுன்னு வந்தாலும் அதேதான்.

வேலைய விட்டு போற ஸ்டாஃப் பத்தி யாருமே யோசிக்கிறதில்ல. ஒரு ஆபீஸ்ல மெயில் லாக் ஆயிடுச்சு, ரெக்கவரி நம்பருக்கு கோட் அனுப்பிருக்கேன்னு கூகுள் சொல்லுது, கடைசி ரெண்டு நம்பர் மட்டும் தெரியுது, யாரோடதுன்னு யாருக்கும் தெரியல. மேனேஜர் பழைய அட்டென்டன்ஸ் நோட்ட எடுத்து ஒவ்வொரு ஃபோன் நம்பரா வெரல வச்சு பாத்தாரு. எப்பவோ வேலைய விட்டு போன மெர்ச்சன்டைசர் பையனோடது. பையர் (சரக்கு வாங்குறவங்க) மெயில், ஷிப்பிங் டாக்குமென்ட், பேங்க் அட்வைஸ் எல்லாம் அந்த ஒரு ஐடிலதான், அதோட சாவி அவன் பாக்கெட்ல. அந்த பையனுக்கு ஃபோன் போட்டாங்க, இப்ப ஓசூர்ல இருக்கானாம், ஓடிபிய சொல்லிட்டு, "சார், என் நம்பர எடுத்து விடுங்க, எனக்கும் ராத்திரில எல்லாம் மெசேஜ் வருது"ன்னான். நல்ல பையனா போனதால தப்பிச்சாங்க. அன்னிக்கே ஓனர் நம்பர போட்டு, பேக்கப் கோட் பிரிண்ட் எடுத்து பீரோல வச்சோம், பிரிண்டரும் அன்னிக்கு ஒரே தடவைல வேலை செஞ்சுது.